வாட்ஸ்அப்பை நம்புவதற்கு முன் காங்கிரஸ்.கவ்வை ஒரு எட்டு பாருங்கள்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு காங்கிரஸ் என்று பெயர்; அதன் மசோதாக்களைப் பார்க்க உதவும் தளம் காங்கிரஸ்.கவ் (congress.gov). அதில் ஏதாவது ஒரு மசோதாவைத் திறந்தால் மேல்பகுதியில் ஒரு பட்டை தெரியும். அறிமுகமானது, பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறியது, ஜனாதிபதிக்குப் போனது, சட்டமானது என்று வரிசையாக இருக்கும். மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அது எடுப்பாகத் தெரியும். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டுத் தளத்தை மூடிவிடுகிறார்கள். இந்தத் தளத்தின் அருமை அந்தப் பட்டைக்குக் கீழேதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நியூஜெர்சியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். சட்டம் மாறினால் உடனே எனக்குப் போன் வரும். மாறாவிட்டாலும் வரும், மாறப் போகிறது என்று யாராவது ஃபார்வர்ட் செய்திருப்பார்கள். அதனால் இந்தத் தளம் என் கணினியில் எப்போதும் திறந்தே இருக்கிறது.

முதலில் இது யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் அரசுத் தளம் இது. 1995இல் 'தாமஸ்' என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கினார்கள். தாமஸ் ஜெஃபர்சன் நினைவாக வைத்த பெயர். 2012இல் காங்கிரஸ்.கவ் வந்தது, 2016இல் தாமஸை மூடிவிட்டார்கள். பணம் கட்ட வேண்டாம், விளம்பரத் தொல்லை இல்லை, படிக்க லாகின்கூட வேண்டாம். ஒரு மசோதாவில் ஏதாவது நடந்தால் மின்னஞ்சல் வர வேண்டும் என்றால் மட்டும் கணக்கு தொடங்க வேண்டும்.

இதன் பயன் எனக்கு முழுதாகத் தெரிந்தது 2025 மே, ஜூன் மாதங்களில். "அக்கா, ஊருக்குப் பணம் அனுப்பினால் இனிமேல் 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்களாமே? சட்டமே வந்துவிட்டதாமே? அதற்குள் இருக்கிற பணத்தை எல்லாம் அம்மாவுக்கு அனுப்பிவிடட்டுமா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். எச்.ஆர். 1 (எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபையில் தொடங்கிய மசோதா) என்ற பெரிய மசோதாவின் நடுவே இருந்த ஒரு சின்னப் பிரிவு அது. சட்டம் அப்போது வந்திருக்கவே இல்லை.

மசோதாப் பக்கத்தில் 'டெக்ஸ்ட்' என்று ஒரு தாவல் இருக்கிறது. அங்கே ஒரே மசோதாவின் பல பதிப்புகள் தேதியோடு கிடைக்கும். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குழுவிலிருந்து அவைக்கு அனுப்பப்பட்ட பதிப்பில் வரி 5 சதவீதம். மே 22 அன்று பிரதிநிதிகள் சபை 215க்கு 214 என்ற கணக்கில் நிறைவேற்றியதே, அந்தப் பதிப்பில் 3.5. செனட் மாற்றி எழுதி, பிறகு இரு அவையும் ஒப்புக்கொண்ட கடைசிப் பதிப்பில் 1. ஆயிரம் டாலர் அனுப்புகிறவருக்கு 50 டாலராக இருந்தது 35 ஆகி, 10 டாலரில் வந்து நின்றது.

விகிதம் மட்டுமா மாறியது? யாருக்கு என்பதும் மாறியது. பிரதிநிதிகள் சபையின் பதிப்பில் அமெரிக்கக் குடிமக்களுக்கு விலக்கு இருந்தது. கிரீன் கார்டு, எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் எல்லாம் மாட்டியிருப்பார்கள். கடைசிப் பதிப்பில் குடியுரிமைப் பேச்சே இல்லை. ரொக்கமாகவோ, மணி ஆர்டராகவோ, கேஷியர்ஸ் செக்காகவோ கொடுத்து அனுப்பினால்தான் வரி. வங்கிக் கணக்கிலிருந்தோ இங்கே வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. பிரிவு எண் 70604. நீங்களே தேடிப் படிக்கலாம், நீளமும் அதிகமில்லை. என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் செயலி வழியாகக் கணக்கிலிருந்தே அனுப்புகிறவர்கள். அவர்களிடமிருந்து ஒரு டாலர்கூட வரியாகப் போகாது. ஆனால் மே மாதப் பதிப்பை வைத்து எழுதிய செய்திகள் ஆகஸ்டிலும் குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்தப் பதிப்புகளுக்குத் தளம் வைத்திருக்கும் பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'இன்ட்ரடியூஸ்ட்' என்றால் உறுப்பினர் கொண்டுவந்தபடி. 'ரிப்போர்ட்டட்' என்றால் குழு பார்த்து முடித்து அவைக்கு அனுப்பியபடி. 'என்க்ரோஸ்ட்' என்றால் ஒரு அவை மட்டும் நிறைவேற்றிய வடிவம். 'என்ரோல்ட்' என்றால் இரண்டு அவையும் எழுத்துப் பிசகாமல் ஒரே வடிவத்தில் நிறைவேற்றி, ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போகும் வடிவம். யாராவது "சட்டம் வந்துவிட்டது" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் பார்த்தது எந்தப் பதிப்பு என்பதுதான். என்க்ரோஸ்ட் பதிப்பைக் காட்டினால், இன்னும் இன்னொரு அவை கைவைக்கப் போகிறது என்று அர்த்தம்.

அந்த மசோதா எப்படி அவ்வளவு வேகமாகப் போனது என்று பலர் கேட்டார்கள். செனட்டில் எதையும் நிறைவேற்ற 60 வாக்கு வேண்டும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் நிறைவேற்ற 51 போதும். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரத்தான் 60 தேவை. பேச்சை நீட்டித் தடுப்பது பிலிபஸ்டர், அதை முடித்துவைக்கும் வாக்கெடுப்பு குளோச்சர். 1917இல் வந்த விதி அது. முதலில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது, 1975இல்தான் 100க்கு 60 என்று குறைத்தார்கள். வரவு செலவு சார்ந்த மசோதாக்களுக்கு மட்டும் ரீகன்சிலியேஷன் என்ற தனிப் பாதை உண்டு. எச்.ஆர். 1 போனது அந்தப் பாதையில்தான். அதில் விவாதத்துக்கு 20 மணி நேரம்தான், எனவே பிலிபஸ்டருக்கு இடமே இல்லை.

ஆனால் அந்தப் பாதையில் நுழைய முதலில் இரு அவையும் ஒரு பட்ஜெட் தீர்மானம் போட வேண்டும். எச். கான். ரெஸ். 14 என்று தளத்தில் தேடினால் அது கிடைக்கும். இப்படிப்பட்ட 'கன்கரன்ட்' தீர்மானம் ஜனாதிபதியின் மேசைக்கே போகாது, சட்டமும் ஆகாது; காங்கிரஸ் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பாதையில் நுழைந்த பிறகும் பேர்ட் விதி காத்திருக்கிறது: வரவு செலவுக்குத் தொடர்பில்லாத எதையும் எதிர்ப்புத் தெரிவித்து நீக்க வைக்கலாம். அந்த விதியால் எச்.ஆர். 1இன் பிரபலமான பெயரே போய்விட்டது. 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, கையெழுத்தான சட்டத்துக்குள் அந்தக் குறும்பெயர் கிடையாது. செனட்டில் எதிர்ப்புக் கிளப்பி எடுத்துவிட்டார்கள். என்ரோல்ட் பதிப்பைத் திறந்தால் பட்ஜெட் தீர்மானத்தின்படி ரீகன்சிலியேஷன் செய்வதற்கான சட்டம் என்ற வறண்ட தலைப்புதான் இருக்கும்.

ஜூன் கடைசி வார இறுதியில் செனட் எழுத்தர்கள் ஏறக்குறைய 940 பக்கத்தையும் உரக்கப் படித்தார்கள்; 16 மணி நேரத்தை ஒட்டி ஆனது. மசோதாவை வாசிக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக எல்லோரும் சம்மதித்து அதைத் தவிர்த்துவிடுவார்கள். யாராவது சம்மதிக்காவிட்டால் படித்தே ஆக வேண்டும். அப்புறம் விடிய விடியத் திருத்தங்கள் மேல் வாக்கெடுப்பு. ஜூலை 1 அன்று 50க்கு 50 என்று சமமாகி, துணை ஜனாதிபதியின் வாக்கால் நிறைவேறியது. செனட் மாற்றிவிட்டதால் மறுபடி பிரதிநிதிகள் சபை. ஜூலை 3 அன்று 218க்கு 214. மறுநாள் கையெழுத்து. பொதுச் சட்டம் 119-21. இதில் 119 என்பது எத்தனையாவது காங்கிரஸ் (இரண்டு ஆண்டுக்கு ஒன்று) என்பதையும், 21 என்பது அதில் வந்த எத்தனையாவது சட்டம் என்பதையும் குறிக்கும்.

சரி, அடுத்தது 'ஆக்‌ஷன்ஸ்' தாவல். இதற்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது 2019ஆம் ஆண்டின் எச்.ஆர். 1044. என் தம்பி வேலைவழி கிரீன் கார்டுக்கான இபி-2 வரிசையில் இன்னும் காத்திருக்கிறான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வேலைவழி கிரீன் கார்டு இல்லை என்ற வரம்பை நீக்க வந்த மசோதா அது. எங்கள் வீட்டில் அந்த எண்ணைச் சொன்னால் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65. அன்று இரவே குரூப்பில் வாழ்த்துகள். தளத்தில் அந்த நாளின் வரியைப் பாருங்கள்: விதிகளை நிறுத்திவைத்து நிறைவேற்றும் தீர்மானம், மூன்றில் இரண்டு பங்கு தேவை என்று அடைப்புக்குள் இருக்கும். விதிகளை நிறுத்திவைப்பது என்றால் 40 நிமிட விவாதம், அவையில் யாரும் திருத்தம் கொண்டுவர முடியாது, ஆனால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. எதிர்ப்பு அதிகமில்லாத மசோதாக்களுக்கான குறுக்கு வழி. அதற்கு அடுத்த வரி, மறுபரிசீலனைத் தீர்மானம் மேசை மேல் வைக்கப்பட்டது என்று வரும். இதைப் பார்த்துவிட்டு "ஐயோ, மறுபடி கிடப்பில் போட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் எனக்குப் போன் செய்தார். பயப்பட ஒன்றுமில்லை. நடந்து முடிந்த வாக்கெடுப்பை யாரும் மறுபடி கிளற முடியாதபடி கதவைச் சாத்தும் வாடிக்கையான நடவடிக்கை அது. நிறைவேறிய கிட்டத்தட்ட எல்லா மசோதாவிலும் அந்த வரி இருக்கும்.

செனட்டில் அதன் ஜோடி மசோதா எஸ். 386. அங்கே ஒருமனச் சம்மதம் என்ற வழியில் பலமுறை முயன்றார்கள். அவையில் ஒருவர் எழுந்து "இதை நிறைவேற்றிவிடலாமா" என்று கேட்பார். ஒரே ஒரு செனட்டர் மறுத்தாலும் அத்தோடு முடிந்தது. இரு கட்சியிலிருந்தும் மறுப்பு வந்தது. கடைசியில் 2020 டிசம்பர் 2 அன்று, நிறையத் திருத்தங்களோடு, செனட்டும் ஒருமனதாகச் சம்மதித்தது. பட்டையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டு அவையும் முடிந்தது, இனி ஜனாதிபதிதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு அவையும் நிறைவேற்றியவை வேறு வேறு வாசகங்கள். ஒரே வாசகமாக்க ஒரு மாதம்தான் மிச்சம். அது நடக்கவில்லை. 2021 ஜனவரி 3 நண்பகலில் 116ஆவது காங்கிரஸ் முடிந்தது. சட்டமாகாத எல்லா மசோதாக்களும் அத்தோடு செத்தன. மிகப் பெரிய பெரும்பான்மையும் ஒருமனச் சம்மதமும் கிடைத்த ஒரு மசோதா தேதி முடிந்து போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தளத்தின் முக்கியமான குறையும் இங்கேதான் இருக்கிறது. நடந்தது எல்லாம் வரியாக வரும், நடக்காதது வராது. பெரும்பாலான மசோதாக்களின் கடைசி வரி, இன்ன குழுவுக்கு அனுப்பப்பட்டது என்பதோடு நின்றுவிடும். குழுத் தலைவர் அதை எடுக்கவே போவதில்லை என்று எங்கும் எழுதியிருக்காது. ஒரு செனட்டர் திரைமறைவில் தடுத்து வைத்திருப்பதும், அவையில் எழுந்து மறுத்ததும் பெரும்பாலும் மசோதாப் பக்கத்தில் தெரியாது. மறுப்பைப் படிக்க வேண்டுமானால் அதே தளத்தில் இருக்கும் காங்கிரஷனல் ரெக்கார்டில் அன்றைய தேதியைத் திறந்து தேட வேண்டும். அவையில் பேசியது அங்கே கிடைக்கும், பொறுமை இருந்தால்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புது மசோதா ஒன்றைப் பற்றி யாராவது கேட்டால், கடைசி ஆக்‌ஷன் எந்தத் தேதியில் என்று பார்ப்பேன். குழுவுக்குப் போய் எட்டு மாதம் சத்தமே இல்லை என்றால் கேட்டவரிடம் அப்படியே சொல்லிவிடுவேன். பிறகு கோஸ்பான்சர் பட்டியல், அதாவது மசோதாவுக்கு ஆதரவாகப் பெயர் கொடுத்த மற்ற உறுப்பினர்கள். யார், எந்தக் கட்சி, எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று இருக்கும். ஒரே கட்சியின் பத்துப் பேர் முதல் நாளே கையெழுத்துப் போட்டு அதோடு நின்றிருந்தால் அது அறிவிப்புக்கான மசோதா. மாதாமாதம் இரு பக்கத்திலிருந்தும் ஆள் சேர்ந்துகொண்டே இருந்தால் யாரோ உள்ளே உழைக்கிறார்கள் என்று தெரியும்.

கலைச்சொல் அகராதியும் இருக்கிறது. குளோச்சர், பாக்கெட் வீட்டோ, சைனி டை, எல்லாவற்றுக்கும் ஓரிரு வரி விளக்கம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் காய்ந்த எழுத்து. ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டப் பயன்படும். புதிதாக வருகிறவருக்குப் போதாது. உதாரணமாக 'லெஜிஸ்லேட்டிவ் டே'. அவை ஒத்திவைக்கப்படும்போதுதான் அந்த நாள் முடியும். வெறும் இடைவேளை விட்டால் முடியாது. 1980இல் செனட்டில் ஜனவரி 3 அன்று தொடங்கிய 'நாள்' ஜூன் 12 வரை ஓடியது. இது ஏன் முக்கியம் என்றால், பிரதிநிதிகள் சபையில் குழுவில் முடங்கிய மசோதாவை வெளியே இழுக்கும் டிஸ்சார்ஜ் பெட்டிஷன் என்ற மனுவுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது இந்தக் கணக்கில் வரும் நாள். காலண்டரில் எண்ணினால் தப்பாகும். அந்த மனுவில் 218 பேர் கையெழுத்துப் போட்டால் அவைத் தலைமை விரும்பாததும் அவைக்கு வரும். 2025 நவம்பரில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான கோப்புகளை வெளியிடும் மசோதாவுக்கு 218ஆவது கையெழுத்து விழுந்த பிறகுதான் வாக்கெடுப்பே நடந்தது, 427க்கு 1. இப்படி ஒரு நடந்த கதையோடு சொன்னால் சொல் மனதில் நிற்கும். அகராதியில் அது இல்லை.

அதைவிட வீடியோக்கள் எவ்வளவோ மேல். சட்டமாகும் முறையைப் பற்றி ஒன்பது சின்ன வீடியோக்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான், எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறது. குழு, நாட்காட்டிகள், இரு அவைகளின் நடைமுறை என்று தனித்தனியாக. பள்ளியில் இதைப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். இரு அவையும் முரண்பாட்டைத் தீர்ப்பது பற்றிய வீடியோவை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்; எச்.ஆர். 1044க்கு என்ன ஆனது என்பது அதில் புரியும்.

இன்னும் இரண்டு விஷயம். புது மசோதாவின் வாசகம் ஏறுவதற்கு ஓரிரு நாள் ஆகும், நீளமானது என்றால் கூடுதலாகவும் ஆகலாம். இது அரசு அச்சகத்திலிருந்து வர எடுக்கும் நேரம். அறிமுகமான அன்றே படிக்கத் துடிப்பவர்கள் கொண்டுவந்த உறுப்பினரின் தளத்தில்தான் தேட வேண்டும். அடுத்து, சுருக்கம். காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ் (காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு) எழுதும் சுருக்கங்கள் கட்சி சாராமல், சுத்தமாக இருக்கும். ஆனால் எந்தப் பதிப்புக்கான சுருக்கம் என்று மேலே போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்; அறிமுகப் பதிப்பின் சுருக்கம் இருக்கும், மசோதா அதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது அந்தப் பட்டைக்காக. செனட்டில் நிறைவேறியது என்று காட்டும் இடத்திலேயே, வாசகம் வேறு, இன்னும் ஒத்துப்போக வேண்டும் என்று எடுப்பாக ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் வீணாக நம்பிக்கை வைத்திருக்க மாட்டார்கள். ஆக்‌ஷன்ஸ் வரிகளில் வரும் சொற்களிலிருந்து நேராக அகராதிக்குப் போக வழி செய்தால் இன்னும் நல்லது.

இப்போது நடப்பது 119ஆவது காங்கிரஸ். 2027 ஜனவரி 3 வரைதான். நீங்கள் மின்னஞ்சல் அறிவிப்பு வைத்திருக்கும் மசோதா அதற்குள் சட்டமாகாவிட்டால் அந்த எண்ணுக்கு அதன் பிறகு எதுவும் வராது. அதே மசோதாவை மறுபடி கொண்டுவந்தாலும் பெரும்பாலும் வேறு எண்ணில்தான் வரும். ஆகவே எண்ணோடு சேர்த்துத் தலைப்பையும், கொண்டுவந்த உறுப்பினரின் பெயரையும் குறித்து வையுங்கள். ஜனவரி பிறந்ததும் அந்தப் பெயரில் தேடி, புது எண்ணுக்கு அறிவிப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.